ஸ்காபரோ விலாசத்துக்கு ஏன் கூடக் காசு? கார் இன்சூரன்ஸும் போஸ்டல் கோடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கார் வைத்திருக்கும் தமிழர் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எப்படியும் இன்சூரன்ஸில் வந்து நிற்கும். "உனக்கு எவ்வளவு வருது?" என்று தொடங்கி, "நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டு, கடைசியில் யாராவது ஒருவர் கொம்பனிக்காரரைத் திட்டுவதோடு முடியும். நான் பதினொரு வருடம் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், மால்வேர்னில் இருந்துவிட்டு, நகரத்துக்கு வெளியே கிழக்கே உள்ள ஏஜாக்ஸுக்கு மாறினவன். இன்சூரன்ஸ் விற்கிறவன் அல்ல, இரண்டு காருக்கு மாதாமாதம் காசு கட்டுகிறவன். ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். என் அபிப்பிராயமும் நடுவில் வரும், பிடிக்காவிட்டால் தாண்டிப் போங்கள்.

உண்மையிலேயே போஸ்டல் கோடைப் பார்த்தா விலை போடுகிறார்கள்?

ஓம். அதை மட்டும் பார்ப்பதில்லை. உங்கள் ஓட்டும் அனுபவம், டிக்கெட், முந்தைய விபத்து, காரின் வகை, வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்பதெல்லாம் இருக்கின்றன. ஆனால் கார் இரவில் எங்கே நிற்கிறது என்பது அவற்றில் பாரமான ஒன்று. ஒவ்வொரு கொம்பனியும் மாகாணத்தைத் தன் கணக்குக்குப் பல வலயங்களாகப் பிரித்து வைத்திருக்கும். எம்1பி என்றால் மால்வேர்ன் பக்கம், எல்1 என்று தொடங்கினால் ஏஜாக்ஸ், விட்பி பக்கம். அந்தக் குறியீட்டைப் போட்டவுடன் நீங்கள் எந்த வலயம் என்று கணினிக்குத் தெரிந்துவிடும். கொம்பனி நினைத்தபடி விலையை ஏற்றவும் முடியாது. எஃப்எஸ்ஆர்ஏ என்ற மாகாண ஒழுங்குமுறை ஆணையம் (2019 ஜூனில் பழைய எஃப்எஸ்சிஓவின் இடத்துக்கு வந்தது) விலையை முன்கூட்டியே அங்கீகரிக்க வேண்டும். மாகாணம் முழுவதற்கும் 55 வலயம், அதில் ரொறன்ரோ நகரத்துக்குள் 10-க்கு மேல் கூடாது என்ற விதி பல வருடம் இருந்தது.

என் கதை இதுதான். அதே கார், அதே லைசென்ஸ், ஒரு டிக்கெட் கூட இல்லை. ஏஜாக்ஸுக்கு மாறியதும் மாதத்துக்கு ஏறக்குறைய எழுபது டாலர் இறங்கியது. வேலை மட்டும் அதே ஸ்காபரோவில்தான். முன்பு பத்து நிமிடம் உள்வீதியால் போய்வந்தவன் இப்போது தினமும் காலையும் மாலையும் 401 நெடுஞ்சாலையில் நிற்கிறேன். ஓடும் தூரம் கூடிவிட்டது, அதையும் மறைக்காமல் சொன்னேன், அப்படியிருந்தும் விலை இறங்கியது.

அப்படியென்றால் 401-இல் நடக்கிற எல்லா விபத்துக்கும் ஸ்காபரோ ஆட்கள்தானே காசு கட்டுகிறோம்?

இதைத்தான் பலர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். விபத்து எந்த இடத்தில் நடந்தது என்பதை வைத்து வலயக் கணக்கு எழுதப்படுவதில்லை. இன்சூரன்ஸ் எடுத்தவர் எங்கே வசிக்கிறார் என்பதை வைத்துத்தான் எழுதப்படுகிறது. பீற்றர்பரோக்காரர் ஒருவர் ஸ்காபரோவில் மார்க்கம் வீதிச் சந்தியில் வந்து இடித்தால், அவருடைய காருக்கான செலவு பீற்றர்பரோ கணக்கில் போகும். நீங்கள் ஒட்டாவாவில் போய் இடித்தால் அது ஸ்காபரோ கணக்கு.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒன்ராறியோவில் பிழை உங்களுடையது இல்லையென்றாலும் உங்கள் கார் திருத்தும் காசை உங்கள் கொம்பனிதான் உங்களுக்குத் தரும். காயம்பட்டால் மருத்துவச் செலவையும் உங்கள் கொம்பனியே பார்க்கும், யார் பிழை என்ற கேள்வி அங்கே இல்லை. ஆக, வெளியூர்க்காரர் வந்து உங்களை இடித்தாலும் செலவின் ஒரு பெரிய துண்டு உங்கள் வலயத்துக் கணக்கில் ஏறுகிறது. உங்கள் தனிப்பட்ட பதிவில் அது கறுப்புப் புள்ளியாக விழாது, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரோடும் சேர்த்து உங்கள் தலையில் விழும். "நான் கவனமாகத்தானே ஓடுகிறேன்" என்று ஒருவர் சொல்லும்போது அவருடைய கோபத்தில் பாதி நியாயம் இங்கேதான் இருக்கிறது.

கொம்பனிக்காரர் பக்கம் ஒரு நியாயமும் இல்லையா?

இருக்கிறது, மறுக்க முடியாது. வாகனம் நெருங்கி ஓடும் இடத்தில் இடிபடுவது கூடுதல். கிராமத்தில் மான் குறுக்கே பாயும், நகரத்தில் ஒவ்வொரு சந்தியிலும் இடதுபக்கம் திரும்புகிறவன் பாய்வான். காயத்துக்கான செலவும் ரொறன்ரோவைச் சுற்றியுள்ள இடங்களில் கூடுதலாகவே வருகிறது.

அப்புறம் திருட்டு. 2022, 2023-இல் என்ன நடந்தது என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்குள் தொங்கும் சாவியின் சமிக்ஞையைக் கருவி வைத்து எட்டி எடுத்து, டிரைவ்வேயில் நின்ற எஸ்யூவியைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். அவற்றில் பல மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலனில் ஏறிக் கடல் கடந்தன. 2023-இல் மட்டும் கனடா முழுவதும் திருட்டுக் காருக்காகக் கொடுத்த இழப்பீடு 150 கோடி டாலரைத் தாண்டியது. 2024 பெப்ரவரியில் ஒட்டாவாவில் இதற்கென்றே தேசிய மாநாடு கூட்டினார்கள். அப்படிக் களவு நடக்கிற தெருவுக்கும் வடமேற்கே கெனோராப் பக்கத்து ஒரு சிற்றூருக்கும் ஒரே விலை போடு என்று நான் சொல்ல மாட்டேன்.

பிறகு எதில்தான் பிழை என்கிறீர்கள்?

முதலாவது, கோடு. ஸ்டீல்ஸ் அவெனியூவை எடுங்கள். தெற்குப் பக்கம் ரொறன்ரோ, வடக்குப் பக்கம் மார்க்கம். இரண்டு பக்கத்து ஆட்களும் போவது அதே வீதி, மாட்டுவது அதே டிராஃபிக், சாமான் வாங்குவது அதே தமிழ்க் கடை. வலயக் கோடு அந்த வீதியில் விழுந்தால் எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு விலை, உங்களுக்கு ஒரு விலை. எங்கே கோடு போட்டாலும் யாரோ ஒருவர் அதன் தவறான பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும் என்பது சரி. ஆனால் கோட்டின் இரு பக்கமும் உண்மையில் அவ்வளவு வித்தியாசமா என்று கேட்க வேண்டாமா?

அடுத்தது, இன்சூரன்ஸ் என்பது ஒரே ஒரு சாமான் அல்ல. உள்ளே பல பகுதி: மற்றவருக்கு நீங்கள் செய்யும் சேதத்துக்கு ஒன்று (சட்டப்படி குறைந்தது 2,00,000 டாலர்), உங்கள் காயத்துக்கு ஒன்று, மோதலுக்கு ஒன்று, திருட்டு, ஆலங்கட்டி மழை போன்றவற்றுக்கு ஒன்று. திருட்டுப் பகுதியில் இடத்தைப் பார்ப்பது எனக்கு விளங்குகிறது. கார் நிற்கிறது, நிற்கிற இடத்தில் களவு போகிறது. ஆனால் ஓடும்போது நடப்பதை விலாசம் எவ்வளவுக்குச் சொல்லும்? ஏஜாக்ஸில் தூங்கி ஸ்காபரோவில் வேலை செய்யும் என்னை அது சரியாகச் சொல்லவில்லை. மால்வேர்னில் தூங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்கும் கடைக்கும் காரை எடுக்கிற என் மாமியாரையும் அது சரியாகச் சொல்லவில்லை. அவருக்குத்தான் கூட விலை.

இன்னொன்று, காயச் செலவு என்று ஒரு வலயத்தில் ஏறி நிற்பதெல்லாம் காயம் மட்டும் அல்ல. விபத்து நடந்து நீங்கள் கதவைத் திறப்பதற்கு முன் இழுவை வண்டி வந்து நிற்கும். இழுக்கிறவர் "கழுத்து நோகுதா அண்ணை? எனக்கு ஒரு வக்கீலைத் தெரியும்" என்பார். இது பகிடி அல்ல. ரொறன்ரோவைச் சுற்றி இழுவை வண்டிக்காரரிடையே கொளுத்தலும் சுடுபாடும் நடக்கிற அளவுக்குப் போட்டி முற்றி, 2020-இல் யோர்க் பிராந்தியப் பொலிஸ் "புரொஜெக்ட் பிளாட்டினம்" என்று பெரிய நடவடிக்கையே எடுத்தது. அந்த ஆட்டத்தின் செலவும் உங்கள் வலயத்தில் தான் எழுதப்படுகிறது. ஆடாதவனும் கட்டுகிறான்.

இது இனப் பாகுபாடுதானே?

நேரடியாக இல்லை. விண்ணப்பத்தில் யாரும் உங்கள் நிறத்தைக் கேட்பதில்லை, கேட்கவும் முடியாது. ஆனால் கூட விலை விழும் இடங்களின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்: பிராம்டன், ஸ்காபரோ, ஜேன்-பிஞ்ச். குடிவந்தவர்கள் நெருங்கி வாழும் இடங்கள். யாரும் வேண்டுமென்று செய்யாவிட்டாலும் பாரம் எங்கே போய் இறங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ரொறன்ரோவின் ஓரத்தில் பஸ்ஸை நம்பி இரவு வேலைக்குப் போக முடியாதவனுக்குக் கார் சொகுசும் அல்ல. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடிப் பிடிபட்டால் முதல் தடவையே 5,000 டாலரிலிருந்து 25,000 டாலர் வரை தண்டம். வாங்காமல் இருக்கவும் முடியாது, விலை பேசவும் முடியாது. அப்படிக் கட்டாயமாக விற்கப்படும் சாமானுக்கு, மற்றச் சாமானை விடக் கூடுதலாக நியாயம் கேட்பதில் பிழை இல்லை.

வயதையும் ஆண் பெண் என்பதையும் பார்க்கிறார்களே, கோர்ட் ஒன்றும் சொல்லவில்லையா?

சொன்னது, கொம்பனிக்குச் சாதகமாக. 1992-இல் சூரிக் இன்சூரன்ஸ் வழக்கில், மணமாகாத இளம் ஆண் ஓட்டுநருக்குக் கூடுதல் விலை போட்டதைக் கனடா உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அந்த நேரத்தில் வேறு நடைமுறைச் சாத்தியமான வழி இல்லை என்பது காரணங்களில் ஒன்று. முப்பது வருடத்துக்கு முந்தைய தீர்ப்பு. இன்று ஒவ்வொரு பிரேக்கையும் எண்ணிச் சொல்லும் செயலி பொக்கெட்டில் இருக்கிறது, வேறு வழி இல்லை என்பதை இன்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியுமா என்பது என் சந்தேகம்.

கிரெடிட் ஸ்கோர்?

ஒன்ராறியோவில் கார் இன்சூரன்ஸ் விலைக்கு அதைப் பார்க்கக் கூடாது. வீட்டு இன்சூரன்ஸ் வேறு கதை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா?

வாக்குறுதிக்குக் குறைவில்லை. 2013-இல் லிபரல் அரசு இரண்டு வருடத்தில் சராசரி 15 சதவீதம் குறைப்போம் என்றது. குறையவில்லை. பிறகு முதல்வர் கத்லீன் வின்னே அது ஒரு எட்டிப் பிடிக்கப் பார்த்த இலக்கு என்ற மாதிரிச் சொன்னார். 2018 ஒக்டோபரில் மாகாண சட்டமன்றத்தில் இரண்டு தனிநபர் மசோதாக்கள் வந்தன. ஒன்று அந்த வருடம் ஆட்சிக்கு வந்த முற்போக்குப் பழமைவாதக் கட்சியைச் சேர்ந்த மில்டன் உறுப்பினர் பார்ம் கில்லுடையது, மற்றது புதிய ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த பிராம்டன் கிழக்கு உறுப்பினர் குர்ரத்தன் சிங்குடையது. சிங் கேட்டது, ரொறன்ரோ பெரும்பாகம் முழுவதையும் ஒரே வலயமாகக் கொள்ள வேண்டும் என்று. இரண்டுமே சட்டமாகவில்லை. 2019 வரவு செலவுத் திட்டத்தில் முதல்வர் டக் ஃபோர்டின் அரசும் போஸ்டல் கோட் பாகுபாட்டை முடிப்போம் என்றது. அதன்பின் நான் எத்தனை தடவை இன்சூரன்ஸைப் புதுப்பித்துவிட்டேன், முதற்கேள்வி இன்னும் விலாசம்தான்.

சரி, நாளைக்கே தடைசெய்தால் எங்கள் விலை இறங்குமா?

எங்கள் விலை இறங்கும், இன்னொருவரின் விலை ஏறும். இதைச் சொன்னால் ஆட்களுக்குக் கோபம் வருகிறது, ஆனால் கூட்டல் கழித்தல் அப்படித்தான். மொத்தச் செலவு அதேயாக இருந்தால் பிராம்டனில் குறைகிற காசை ஓக்வில்லிலும் பேர்லிங்டனிலும் யாரோ கட்ட வேண்டும். மாகாணம் முழுவதையும் ஒன்றாக்கினால் சட்பரியில் இருக்கும் ஓய்வூதியக்காரர் கட்டுவார். அவருடைய உறுப்பினரும் அதே சட்டமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார், மசோதாக்கள் ஏன் படுத்துக்கொள்கின்றன என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம்.

மொத்தச் செலவு ஏன் இவ்வளவு என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். 2017-இல் மாகாண அரசின் கார் இன்சூரன்ஸ் ஆலோசகர் டேவிட் மார்ஷல் அரசுக்குக் கொடுத்த அறிக்கை இதை நன்றாகவே பிட்டு வைத்தது. கனடாவில் விபத்தும் உயிரிழப்பும் குறைந்த மாகாணங்களில் ஒன்றாக இருந்துகொண்டே, விலை மிகக் கூடிய மாகாணங்களில் ஒன்றாகவும் ஒன்ராறியோ இருக்கிறது என்றது அது. இழப்பீட்டுச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிகிச்சைக்குப் போகாமல், ஒருவரை ஒருவர் மறுக்கும் நிபுணர் அறிக்கைகளுக்கும் வக்கீல் காசுக்கும் போகிறது என்றும் சொன்னது. அந்தப் பானையின் ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்று எவ்வளவு சண்டை பிடித்தாலும் இவ்வளவுதான் கிடைக்கும்.

வேறு இடங்களில் எப்படி?

கலிபோர்னியாவில் 1988-இல் மக்கள் வாக்களித்து 103-ஆம் முன்மொழிவைச் சட்டமாக்கினார்கள். விலைக்கு முதல் மூன்று அளவுகோல் ஓட்டுநரின் பதிவு, வருடத்துக்கு ஓடும் மைல், ஓட்டிய வருடங்கள். மற்றவை இவற்றுக்குப் பின்னால்தான் வரலாம். இடம் முழுதாக ஒழியவில்லை, வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. இதுதான் எனக்குப் பிடித்த மாதிரி.

கொம்பனிகளிடமிருந்து எடுத்து அரசே நடத்தினால் இது போய்விடும் என்கிறவர்களுக்கு: மனிற்றோபாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அடிப்படை இன்சூரன்ஸை அரசுதான் நடத்துகிறது. அங்கேயும் வலயம் உண்டு.

ஊரில் எப்படி என்று கேட்டால், இந்தியாவில் மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக்கு அரசு நிர்ணயித்த விலை நாடு முழுவதும் ஒன்று. எஞ்சின் அளவு மட்டும்தான் கணக்கு. சொந்தச் சேதத்துக்கு மட்டும் சென்னை, மும்பை போன்ற எட்டு நகரங்கள் ஒரு வலயம், மற்றதெல்லாம் இன்னொரு வலயம். 2002-ஆம் ஆண்டுக் கட்டண அட்டவணையில், ஐந்து வயதுக்கு உட்பட்ட 1000 முதல் 1500 சிசி வரையிலான காருக்கு நகர வலயத்தில் காரின் மதிப்பில் 3.283 சதவீதம், மற்ற இடத்தில் 3.191. அந்த அட்டவணைப்படி ஆறு லட்சம் ரூபாய்க் காருக்கு வித்தியாசம் 552 ரூபாயாக இருந்தது. இதை இங்கே சொன்னபோது நண்பர் ஒருவர் கதிரையை விட்டே எழும்பிவிட்டார்.

அப்போ நீங்கள் என்னதான் சொல்லுகிறீர்கள், இடத்தைப் பார்க்கலாமா கூடாதா?

நின்ற இடத்தில் காருக்கு நடப்பதற்குப் பார்க்கலாம்: களவு, ஆலங்கட்டி, வெள்ளம். ஓடும்போது நடப்பதற்கு ஓட்டுகிறவனைப் பார்க்க வேண்டும், எவ்வளவு ஓடுகிறான், எப்படி ஓடுகிறான் என்று. இருபது வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினவனுடைய பதிவை மூன்று எழுத்துக் குறியீடு தோற்கடிக்கக் கூடாது, அவ்வளவுதான் நான் கேட்பது. அப்படிச் செய்தால் ஏஜாக்ஸில் இருக்கும் எனக்குக் கொஞ்சம் ஏறும் என்பதும் தெரியும். மாமியாருக்கு இறங்கும், வீட்டுக்குள் சமாதானம்.

மச்சானுடைய விட்பி விலாசத்தைக் கொடுத்தால் என்ன?

வேண்டாம். செய்கிறவர்களை எனக்கும் தெரியும். மாதாமாதம் மிச்சம் பிடிக்கிறவரைக்கும் சந்தோஷம்தான். கார் களவு போய் இழப்பீடு கேட்கும் அன்றைக்கு விசாரணைக்கு ஆள் வருவார், பொலிஸ் அறிக்கையில் கார் நின்ற இடம் இருக்கும். விலையைத் தீர்மானிக்கும் ஒன்றில் பொய் சொன்னதாகிவிடும், கொம்பனி இழப்பீட்டை மறுக்கலாம், ஒப்பந்தத்தையே கலைக்கலாம். அதற்குப் பிறகு சாதாரணக் கொம்பனி எதுவும் உங்களைச் சுலபத்தில் எடுக்காது. வீடு மாறினால் ஆறு நாளுக்குள் லைசென்ஸில் விலாசம் மாற்ற வேண்டும் என்பதும் சட்டம், பலர் மறந்துபோகிறார்கள்.

நேர்வழியில் குறைக்க என்ன செய்யலாம்?

ஒவ்வொரு கொம்பனியின் வலயக் கோடும் வேறு. ஒருவரிடம் மோசமாகத் தெரியும் உங்கள் தெரு இன்னொருவரிடம் அவ்வளவு மோசமாக இருக்காது. ஆகவே புதுப்பிக்கும் கடிதம் வந்ததும் கையெழுத்துப் போடாமல் நாலு இடத்தில் விலை கேளுங்கள், அதிலும் ஒரே புரோக்கரிடம் நாலு தடவை கேட்காமல் வேறு வேறு ஆட்களிடம். குறைவாக ஓடுகிறவர்களுக்கு 1,000 கிலோமீட்டர் வீதம் கட்டும் திட்டம் சிஏஏ என்ற கொம்பனியிடம் உண்டு, மாமியாரை அதில்தான் போட்டேன். குளிர்கால டயருக்கு 2016-இலிருந்து எல்லாக் கொம்பனியும் கழிவு கொடுத்தாக வேண்டும், கேட்காவிட்டால் சில வேளை போட மாட்டார்கள். ஓட்டத்தைக் கவனிக்கும் செயலி போடலாம், ஆனால் நிபந்தனையை வாசியுங்கள், பிரேக் கூடினால் விலையும் கூடுகிற திட்டங்கள் இருக்கின்றன. பழைய காருக்கு மோதல் பகுதியை எடுத்துவிடுவது பற்றி யோசிக்கலாம். காயத்துக்கான பகுதியை மட்டும் காசுக்காக வெட்டாதீர்கள்.

ஸ்காபரோ என்றதும் புரோக்கர் திருப்பி அழைப்பதே இல்லை. என்ன செய்வது?

கொம்பனி அங்கீகாரம் வாங்கிய விதிகளுக்குள் நீங்கள் பொருந்தினால் உங்களை மறுக்கவோ இழுத்தடிக்கவோ முடியாது, வந்தவரை எடுக்க வேண்டும் என்பதுதான் ஒன்ராறியோ விதி. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எனக்கும் மால்வேர்னில் இருந்த காலத்தில் ஒரு புரோக்கர் மூன்று வாரம் இப்படி விளையாட்டுக் காட்டினார். எஃப்எஸ்ஆர்ஏவுக்கு முறையிடப் போகிறேன் என்று ஒரு மின்னஞ்சல் போட்டேன், அன்று பின்னேரமே விலை வந்தது. கூடின விலைதான், ஆனால் வந்தது.

வீடு வாங்கப் போகிறோம். இன்சூரன்ஸையும் பார்க்க வேண்டுமா?

பாருங்கள். வீட்டின் போஸ்டல் கோடைக் கொடுத்து, கையெழுத்துப் போடும் முன்பே ஒரு விலை எடுங்கள், பத்து நிமிட வேலை. இரண்டு காரும் லைசென்ஸ் எடுக்கும் வயதில் ஒரு மகனும் இருந்தால் வருட வித்தியாசம் வீட்டு வரி வித்தியாசத்தையே விழுங்கலாம். நாங்கள் அதைச் செய்யவில்லை, எங்களுக்கு அதிர்ஷ்டத்துக்கு இறங்கியது. எங்களுக்கு முன் பிராம்டனில் வீடு வாங்கிய சகலனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, அவர் இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.